இழுத்து நிரப்பிய மாவட்டம்

நான் முதுகலையில் புவியியல் படித்தவள். சோட்டா நாக்பூர் பீடபூமியைப் பற்றிய கேள்விக்குப் பழுப்புப் பென்சிலால் படம் வரைந்து, கோயல், தாமோதர், சுவர்ணரேகா ஆறுகள் எந்தெந்தப் பக்கம் இறங்குகின்றன என்று அம்புக்குறி போட்டு, முழு மதிப்பெண் வாங்கியவள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நான் செய்ததைக் கேட்கிற யாரும், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்னை விட்டுவிடக் கூடாது. அதற்காகச் சொல்கிறேன்.

ஆசிரியர் வேலை அமையவில்லை. தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் சேர்ந்தேன். கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறினால் ஏழரை மணிக்கெல்லாம் மேசைக்கு வந்துவிடலாம். புதிதாக வருகிறவர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

ஒரு திங்கட்கிழமை ஒப்பந்தக்காரர் முப்பத்தெட்டுப் பேரை அழைத்துவந்து நிறுத்தினார். மதியத்துக்குள் எல்லாருக்கும் அடையாள அட்டை வேண்டுமாம். வரிசையில் முதலில் நின்றவரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். "ராஞ்சி பக்கம்" என்றார். மாவட்டம் ராஞ்சி, மாநிலம் பீகார் என்று தட்டினேன். ராஞ்சி ஜார்கண்டின் தலைநகரம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் ஆபீஸில் வடக்கிலிருந்து வருகிற எல்லாருமே பீகார்தான். கை அதையே தட்டியது. பிறகு அந்தக் கட்டத்தின் மூலையைச் சுட்டியால் பிடித்துக் கீழே இழுத்தேன். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நொடியில் ஒரே மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தில் ஒப்பந்தக்காரரின் எண்ணைப் போட்டு, அதையும் இழுத்துவிட்டேன். ஊர்ப் பெயரை மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதினேன்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர்களில் ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கும்மிடிப்பூண்டியில் வேறொரு கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தவள். எங்கள் பக்கத்துத் தமிழ் அவளிடம் நன்றாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. புது அட்டையையும் மூன்று காகிதங்களையும் மேசைமேல் வைத்தாள்.

"மேடம், என் ஊரு பீகார் இல்ல. ராஞ்சியும் இல்ல."

காகிதங்களை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அவளுடைய அப்பாவின் நிலப் பத்திரத்தில் ராஞ்சி ஜில்லா, பீகார். அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழில் கும்லா ஜில்லா, பீகார். ஆதார் அட்டையில் சிம்டேகா ஜில்லா, ஜார்கண்ட்.

"மூணு ஊரா உனக்கு?" என்றேன்.

"ஊடு ஒண்ணுதான் மேடம். ஊடு எங்கயும் போவல. ஜில்லாதான் போய்க்கினே இருக்குது."

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா. போய் சாப்புடு, பெல் அடிச்சுருவாங்க."

அவள் இன்னும் இரண்டு முறை வந்தாள். மூன்றாம் முறை நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் சொன்னது எனக்குப் புரியாத விஷயமும் அல்ல. எங்களுக்குத் திருப்பாச்சூர் அருகே நெல் வயல் உண்டு. தாத்தா காலத்துப் பத்திரத்தில் செங்கல்பட்டு ஜில்லா. என் பிறப்புச் சான்றிதழிலும் செங்கல்பட்டுதான். நான் பள்ளியில் சேர்ந்தபோது திருவள்ளூர் தனி மாவட்டமாகியிருந்தது. சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தபோது, என் ஊர் ஆந்திர எல்லைப் பக்கம் என்பதால், "நீ ஆந்திராக்காரிதானே?" என்று அறைத்தோழி ஒருத்தி கேட்டாள். அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை.

நான்கு மாதம் கழிந்தது. அவள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் எல்லாரும் நாற்று நடவுக்காக விடுப்பில் போயிருந்தார்கள். அவள் மட்டும் போகவில்லை. ஒரு காலை, ஷிஃப்ட் தொடங்கிய அரை மணியில் ரப்பர் வளையங்களைச் சோதிக்கும் மேசை அருகே வலிப்பு வந்து விழுந்தாள். நிற்காத வலிப்பு. ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கூட வந்தவர், அவள் வேலை செய்த வரிசைக்குப் பொறுப்பான லைன் லீடர். தேர்வாய் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய அம்மா எங்களைப் போன்றவர்களின் வயலில் நடவு நட்டவர்.

மருத்துவர் கேட்ட கேள்விகள் எளிமையானவை. இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறாள்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? வீட்டாரைக் கூப்பிடுங்கள் என்றார்.

அவளுடைய கைப்பேசி பூட்டியிருந்தது. விடுதியில் இருந்தவர்கள் ஒடிசாக்காரர்கள். அவளுடைய வீட்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் இழுத்து நிரப்பியிருந்த ஒப்பந்தக்காரரின் எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அவளுடைய காகிதங்களும், விடுப்பில் போனவர்களின் எண்களும் அவரிடம்தான் இருந்தன. என்னிடம் இருந்தது ஓர் ஊர்ப் பெயரும், ராஞ்சி, பீகார் என்ற இரண்டு சொற்களும்தான்.

வேலைக்காகக் கற்றுக்கொண்ட இந்தியில் ராஞ்சி காவல் நிலையம் ஒன்றை அழைத்தேன். எடுத்தவர் பொறுமையானவர். "அம்மா, ராஞ்சி பீகாரை விட்டு வந்து எவ்வளவோ காலமாயிற்று. நீங்கள் சொல்கிற ஊர்ப் பெயரில் இங்கே நான்கு கிராமம் இருக்கிறது. எந்தத் தாலுகா?" என்றார். தெரியாது என்றேன். நான்கிலும் விசாரித்துச் சொல்ல அவருக்கு மாலையாகிவிட்டது. நான்கிலும் அப்படி ஒரு பெண் இல்லை. "பழைய ராஞ்சி ஜில்லா ரொம்பப் பெரியது. கும்லா பக்கம் கேட்டுப் பாருங்கள்" என்றார்.

கும்லா என்ற பெயர் காதில் விழுந்ததும் மேசைமேல் இருந்த அந்த மூன்று காகிதங்கள் கண்முன் வந்தன. மூன்றாவது காகிதத்தில் இருந்த பெயரை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் அதன்மேல் விரலை வைத்துக் காட்டியபோது நான் பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கும்லா காவல் நிலையத்தில் அன்று இரவு யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். வலிப்பு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இடையில் கண்ணைத் திறந்து, "அம்... அம்..." என்று முனகினாள். "அம்மாவைக் கூப்பிடுறா பாவம்" என்று சொல்லி அவள் தலையைத் தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். அவள் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

டீ வாங்கப் போயிருந்த லைன் லீடர் உள்ளே வந்து ஒரு நிமிடம் கேட்டார். "இன்னா மேடம் நீங்க! அம்மா இல்ல அது. அவங்க பாஷைல அம்முன்னா தண்ணி. தண்ணி கேக்குது."

நர்ஸிடம் கேட்டு, பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தார். அவள் அதைச் சப்பினாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கூட குந்திக்கினு சாப்புடுறேன் இல்ல? கண்ணுன்னா அவங்களுக்கும் கன்னு மாதிரிதான் வரும். பல்லுன்னா பல்லுதான். நீன்னா நீன். நம்ம பாஷைக்குச் சொந்தம்னு அதுதான் சொல்லிக்குது."

அவள் பேசும் குடுக் மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, சோட்டா நாக்பூரில் பேசப்படுகிறது என்று நானும் படித்திருந்தேன். ஒரு மதிப்பெண் கேள்வி அது.

வெளியே வராந்தாவில் நின்று கும்லாவை மறுபடியும் அழைத்தேன். அங்கிருந்தவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "எங்களோடு இருந்ததுதான். ஜில்லாவைப் பிரித்தபோது சிம்டேகாவுக்குப் போய்விட்டது" என்றார். சிம்டேகா காவல் நிலையத்தில் அடுத்த நிமிடமே பஞ்சாயத்துத் தலைவரின் எண்ணைக் கொடுத்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவளுடைய அண்ணன் பேசினார். சிறுவயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. சிம்டேகாவில் ஒரு மாத்திரை கொடுத்துவந்தார்கள். மாதக்கணக்காக அவள் அதைச் சாப்பிடவில்லை போலிருக்கிறது. மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். மருந்தை மாற்றிய சில மணி நேரத்தில் வலிப்பு நின்றது.

"நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த மருத்துவர், என் முகத்தைப் பார்த்து வேறு நோயாளியிடம் போய்விட்டார்.

அவள் பிழைத்தாள். ஆனால் வலது கை பழையபடி பிடிமானத்துக்கு வரவில்லை. டம்ளரைத் தூக்கினால் நடுங்கியது. ரப்பர் வளையங்களை விரலால் தடவிப் பிசிறு கண்டுபிடிக்கிற வேலைக்கு அந்தக் கை இனி ஆகாது.

நான்காம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தார். தங்கையோடு இருந்த நேரம் போக, மிச்ச நேரத்தில் என்னிடம் ஊரைப் பற்றிப் பேசினார். மேட்டு நிலத்தை டாண்ட் என்பார்களாம், சரிவுக்குக் கீழே படிப்படியாக இருக்கும் நெல் வயலைத் தோன் என்பார்களாம். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அங்கே நிற்காமல் ஓடிவிடும் என்றார். "உங்கள் ஊரில் தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறது" என்று ஜன்னலுக்கு வெளியே காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

புறப்படும் நாளில் அவர் என்முன் கைகூப்பினார். "மூன்று ஜில்லாவைத் தேடி எங்களைக் கண்டுபிடித்தீர்கள். எங்கள் ஊரில் எல்லாரும் உங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்றார். பின்னால் அவள் இடது கையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். இந்தி வராமலில்லை. "பரவாயில்லை, அது எங்கள் கடமை" என்றேன்.

ஆட்டோ கிளம்பியதும் லைன் லீடர் கேட்டார். "அட்ட விஷயத்த அவராண்ட சொல்லிட்டீங்களா மேடம்?"

"இல்ல."

அவர் சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் மற்ற முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஊர், மாவட்டம், வீட்டு எண் எல்லாம் கேட்டுத் திருத்தினேன். ராஞ்சி மாவட்டத்துக்காரர் ஒருவர்தான் இருந்தார், வரிசையில் முதலில் நின்றவர். மேலாளர் என் பொறுப்புணர்ச்சியைக் கூட்டத்தில் பாராட்டினார். எழுந்து நின்று நன்றி சொன்னேன்.