படத்துப் பூனை

கொட்டாஞ்சேனைக் கொட்டகையில் பேய் வரும் ஊமைப் படங்களுக்கு நான் ஹார்மோனியம் வாசித்தேன். பகலெல்லாம் துறைமுகக் கந்தோரில் குமாஸ்தாவாக எழுதிய கையோடு மாலையில் வந்து உட்காருவேன். அந்தக் கிழமை முழுவதும் ஓடிய படத்தின் முடிவில் ஒரு கறுப்புப் பூனை திரையின் குறுக்கே போகும். விளக்கைப் போட்டாலும் சனம் எழும்பாது. பூனை குறுக்கே போய்விட்டதே, முதலில் வேறு யாராவது நடக்கட்டும் என்று காத்திருக்கும். வாயிற்காரர் என்னிடம் வருவார்.

"நீங்க முன்னுக்குப் போங்கோ மாஸ்டர். வேதக்காரருக்குப் பூனை ஒண்டும் செய்யாது."

நான் மாதா கோயிலுக்குப் போகிறவன் என்று பூனைக்கு யார் சொன்னது? கேட்கத் தெம்பில்லை. எழுந்து நடப்பேன், கொட்டகை முழுவதும் பின்னால் வரும்.

விடிந்தால் கந்தோர், பொழுதுபட்டால் ஹார்மோனியம். இதற்கு மேல் அந்தப் பூனை என்னை என்ன செய்துவிடும்?