உமையாள் கேட்ட நண்டு

மகன் பேச்சை எடுக்காமல் ஒரு வேளைச் சோறு தின்னாதவள் மலேசியாவில் எங்கள் செமிலிங் ஊரில் உமையாள் அக்காதான். பிடோங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவள். எஸ்டேட் மூடியதும் இங்கே வந்து, ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைத்தாள். புருஷன் இல்லை. பிள்ளை என்று ஒரே ஒரு திவாகர். அவனும் அயர்லாந்துக்கு நண்டுப் படகு வேலைக்குப் போய்விட்டான்.

ஒரு தை மாதம், பக்கத்து வீட்டுக்காரி நானும் கூட இருந்தபோது, அவன் குரல் போன் ஸ்பீக்கரில் சுரத்தில்லாமல் வந்தது.

"மா, இங்க வருஷா வருஷம் நண்டு குறைஞ்சுக்கிட்டே வருது. ஸ்காட்லாந்துலயும் அதே கததான், நார்வேலதான் பரவால்லயாம். இப்படியே போனா எங்கள ஊருக்கு அனுப்பிருவாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வரட்டுமேக்கா! தனியா கிடந்து நீங்க படுற பாடு போதாதா?" என்றேன்.

"சும்மா இரு லா தேவகி. ஆசப்பட்டுப் போன வேல. மூஞ்சி தொங்கிப்போயி வந்து நின்னா என்னால பாக்க முடியுமா?"

அன்று சாயங்காலமே மாரியம்மன் கோயிலுக்குப் போய், மகன் படகு நிறைய நண்டு விழுந்தால் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. பெற்ற பிள்ளை வீடு திரும்பாமலிருக்க வேண்டிக்கொள்ளும் தாயை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

நண்டு விழுந்தது. இரண்டு கையிலும் நண்டைத் தூக்கிக்கொண்டு திவாகர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படத்தை அக்கா தெரு முழுக்கக் காட்டினாள். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

பிடிப்பு கூடியதும் முதலாளிக்கு ஆசையும் கூடிவிட்டது. நண்டு பிடிக்கும் கூண்டுகளைப் படகில் மேலும் மேலும் ஏற்றி, காற்றடித்த நாளிலும் ஆட்களைக் கடலுக்கு அனுப்பினான், பாவி! கூண்டுகளைக் கடலில் தள்ளும்போது அதில் கட்டியிருந்த கயிறு திவாகரின் காலில் சுற்றி, அவனையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. கூட வேலை செய்த தயாளன் போனில் அழுதுகொண்டே சொன்னதை நான்தான் கேட்டேன். அக்காவிடம் அதைச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

தீட்டு என்று ஒரு வருஷம் அவள் கோயில் படி மிதிக்கவில்லை. அது கழிந்த வாரமே மஞ்சள் சேலை கட்டி, பால்குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாள்.

"அவளுக்கு என்னாத்துக்குக்கா பாலு? உங்க பிள்ளையவே எடுத்துக்கிட்டாளே!"

அக்கா அழவில்லை.

"அவ மேல என்னா குத்தம்? நான் நண்டுதானே கேட்டேன்? அள்ளிக் குடுத்தாளே. பிள்ளைய பத்தரமா வச்சிருன்னு... அத நான் கேக்கவே இல்லையே, தேவகி."