அக்கா தைத்து வைத்த துணிகள்

என் அக்கா தையற்காரி. வேலை முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து கஞ்சா பிடிப்பாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் சிரிப்பாள். சிரித்தால் பாவாடை நனைந்துவிடும்.

"குழாயை மூடு அக்கா!" என்பேன்.

"உனக்கும் வரும்டி, அப்ப பாத்துக்கறேன்."

அவள் மாரடைப்பில் போய் நாலு மாதம் ஆகிறது. மிஷின் டிராயரில் அவள் மிச்சம் வைத்த பொட்டலத்தை, துக்கத்துக்கு மருந்தென்று நானே முடிவு செய்து, தினமும் பிடித்தேன். படித்தவள் அல்லவா! மூன்றாவது வாரமே கழிப்பறைக்கு ஓடத் தொடங்கினேன். பாதி நாள் போய்ச் சேரவில்லை.

டாக்டரம்மா ஒரு தாளைக் கொடுத்து, குடிப்பதையும் போவதையும் ஒரு வாரம் எழுதச் சொன்னார். அழகாக எழுதிக் கொடுத்தேன், கஞ்சாவைத் தவிர.

"வேற பழக்கம் ஏதாவது இருக்கா?"

"குடிக்கிறதைத்தானே எழுதச் சொன்னீங்க? பிடிக்கிறதைக் கேக்கலையே."

அவர் சிரிக்கவில்லை. "சில பேருக்கு அதனாலயும் இப்படி ஆகலாம். ஒரு மாசம் விட்டுப் பாருங்கம்மா."

விட்டால் அக்காவோடு உட்காருவதையே விட்டதுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். ஆனாலும் பொட்டலத்தை எடுக்க டிராயரை முழுதாக இழுத்தேன். உள்ளே கடைசியில், மிச்சத் துணிகளை மடித்து, ஓரம் அடித்து, நனைவதைத் தாங்க அவள் தனக்காகத் தைத்த நாப்கின்கள் ஒரு டஜன் இருந்தன. என் கேலிக்கு அவள் சிரித்ததை நான் அப்படியே நம்பியிருக்கிறேன்.

பொட்டலத்தைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அன்று அங்கே நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

இதை எழுதும்போது அந்தத் துணிகளில் ஒன்றை என் பாவாடைக்குள் வைத்திருக்கிறேன். நன்றாகத் தைத்திருக்கிறாள்.