விலக்குக் கேட்ட பாடம்

மாணவர் கையேட்டில் விதி தெளிவாகத்தான் இருந்தது. வேறொரு உயர்கல்வி நிலையத்தில் அதே பாடத்தில் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவருக்கு அந்தப் பாடத்திலிருந்து விலக்கு அளிக்கப்படும். விண்ணப்பம் கிடைத்த பதினான்கு வேலை நாள்களுக்குள் முடிவு எழுத்து மூலம் தெரிவிக்கப்படும். தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் சுற்றறிக்கை எழுதியே தலை நரைத்தவள் நான். இதைவிடத் தெளிவாக நானும் எழுதியிருக்க மாட்டேன்.

அந்த விதி எனக்காகவே எழுதப்பட்டது போலிருந்தது. இளம் வயதில் கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். முதல் வருடப் பரீட்சை முடிந்த சமயம், அப்பா தேயிலை ஃபேக்டரிப் படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். நான் மலைத் தோட்டத்துக்குத் திரும்பினேன். ஆபீஸில் சின்னக் கிராணி, அதாவது இளைய எழுத்தர், வேலை காலியாக இருந்தது. தற்காலிகம்தான் என்றார் அன்றைய துரை. அந்தத் தற்காலிகம் நான் பெரிய கிராணியாகிப் பணி ஓய்வு பெறும்வரை நீடித்தது. தோட்டத்தில் கிராணியம்மா என்றால் கிராணியின் மனைவி. கிராணியே பெண்ணாக இருந்தால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் 'கிராணிமா' என்று நிலைத்தது.

ஓய்வுக்குப் பிறகு தம்பி குடும்பத்தோடு தோட்டத்து வீட்டில் இருந்தேன். தம்பி மனைவியின் மளிகை டப்பாக்களுக்கு நான் பெயர்ச்சீட்டு ஒட்டத் தொடங்கியபோது, எனக்கு வேறு வேலை வேண்டும் என்பது இரண்டு பேருக்குமே விளங்கியது. ஈப்போவிலுள்ள ஒரு கல்லூரி, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காக எங்கள் மலை நகரமான தானா ராத்தாவில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியிருந்த நேரம் அது. விட்ட பட்டத்தை முடித்துவிடலாம் என்று சேர்ந்தேன். முதல் பருவத்தில் அடிப்படைக் கணிதம் கட்டாயம். அதில்தான் நான் முன்பே தேறியிருந்தேனே! பழைய மதிப்பெண் சான்றிதழின் நகலை இணைத்து விலக்குக்கு விண்ணப்பித்தேன்.

விண்ணப்பித்ததோடு விட்டுவிடும் பழக்கம் எனக்கில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு கடிதம் போனால், பதில் வரும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு நினைவூட்டல் போகும். மூன்றாவது நினைவூட்டலிலிருந்து மேலிடத்துக்கு ஒரு நகலும் போகும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவள் நான்தான். எனவே நினைவூட்டல்களையெல்லாம் ஒரே மூச்சில் தட்டச்சு செய்து, எனக்குப் பிறகு பெரிய கிராணியானவரிடம் கொடுத்தேன். நாற்பதைத் தாண்டியவர், பத்து வருடம் என் கீழ் வேலை பார்த்தவர். "பதில் வராம நிறுத்தாதீங்க" என்றேன். "சரிக்கா" என்றார். தோட்டத்துத் தபால் பையில் அவை போகத் தொடங்கின.

பதில் வரும்வரை வகுப்பில் உட்கார வேண்டும் என்பதும் விதி. உட்கார்ந்தேன்.

வகுப்பு ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் மாடியில் நடந்தது. கீழே ரொட்டி தட்டும் சத்தம் தரை வழியாக மேலே வரும். மத்தியானம் மூன்று மணி ஆனால் பனிமூட்டம் ஜன்னலுக்குள் நுழைந்து வெண்பலகையை மங்கலாக்கும். எழுதியது தெரியவில்லை என்று சொல்லி ஒரு கணக்கிலிருந்தாவது தப்பிக்கலாம். ஆசிரியை ஈப்போக்காரர், முப்பது வயதுக்குள் இருக்கும். காய்கறி லோரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, சிம்பாங் பூலாய் மலைப்பாதையில் காரோட்டி வருவார். வந்ததும் முதலில் கை இரண்டையும் தே தாரிக் தேநீர்க் குவளையில் சூடுபடுத்திக்கொள்வார்.

முதல் நாளே எழுந்து நின்று என் நிலையை விளக்கினேன். விலக்கு வரவிருக்கிறது, அதுவரை மட்டுமே நான் இங்கிருப்பேன் என்று.

பின் வரிசையில் கோலா தெர்லாவிலிருந்து வரும் லோரி டிரைவர் ஒருவர் இருந்தார். "அப்ப கிராணிமா சும்மா பாக்க வந்திருக்காங்களா?" என்றார்.

"அனுமதி வர்ற வரைக்கும் உக்கார்றேன்" என்றேன்.

"உக்காருங்க, உக்காருங்க. நாங்கல்லாம் என்ன, நின்னுக்கிட்டா படிக்கிறோம்?"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு முதல் தேர்வு முடிந்ததும் அர்த்தம் கூடியது. நூற்றுக்குப் பாதிகூட நான் வாங்கவில்லை. நான் படித்த காலத்தில் மடக்கைக்கு அட்டவணைப் புத்தகம் உண்டு. பக்கத்தைப் புரட்டி, விரலை வரிசையில் ஓட்டி, மதிப்பை எடுப்போம். அந்தப் புத்தகத்தின் நிறமும் மணமும் நினைவிலிருந்தன. மடக்கை என்றால் என்ன என்பது மட்டும் நினைவிலில்லை.

என் விடைத்தாளை ஆசிரியை தனியாக எடுத்து வைத்திருந்தார். "ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா? ஒவ்வொரு விடைக்குக் கீழயும் ரெண்டு கோடு போட்டு, பக்கத்துல என்னமோ சுருக்கமா கிறுக்கியிருக்கீங்களே, அது என்ன?"

"என் இனிஷியல்."

"எதுக்கு?"

"சரிபார்த்ததுக்கு."

"விடை தப்பு, ஆன்ட்டி."

"தப்புன்னாலும் யார் சரிபார்த்தாங்கன்னு தெரியணுமில்ல?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எக்ஸுக்கெல்லாம் சைன் போட வேணாம் ஆன்ட்டி" என்றார். அதன் பிறகும் என் கை கேட்கவில்லை. ஒரு தொகையைக் கையொப்பமில்லாமல் விட்டால் அது அம்மணமாக நிற்பது போலிருக்கும் எனக்கு. பருவம் முழுவதும் எக்ஸும் ஒய்யும் என் சுருக்கொப்பத்தோடுதான் வெளியே போயின.

வகுப்பு முடிந்ததும் கீழே கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் போடுவது வழக்கமாயிற்று. பக்கத்துத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் உதவியாளராக இருந்த ஒரு பெண் என் எதிரில் உட்காருவாள். இரண்டு பிள்ளைக்காரி. முழு ஆசிரியையாக வேண்டுமென்றால் டிப்ளமோ படிக்க வேண்டும். டிப்ளமோவில் சேர இந்த அடிப்படைக் கணிதத்தில் தேற வேண்டும். பள்ளியில் அவளைக் கணக்கு பயமுறுத்தி அனுப்பியிருந்தது. இப்போது தானாகத் திரும்பி வந்து அதன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் இருவருக்குமே இருபடிச் சமன்பாட்டில் ஒரே இடத்தில் கால் இடறும். நான் அவளைத் திருத்த, அவள் என்னைத் திருத்த, இரண்டு திருத்தமும் தப்பாகப் போன மாலைகள் பல. கல்லாவிலிருந்து கடைக்கார பாய் குரல் கொடுப்பார்: "கணக்கு எங்கயும் போகாதும்மா. தேத்தண்ணி ஆறிப்போவுது, அதக் குடிங்க மொதல்ல."

அந்த மாலைகளை இப்போது நினைத்தால், விடை வந்த கணக்குகள் ஒன்றுகூட ஞாபகமில்லை. வராத கணக்குகள் எண்களோடு ஞாபகமிருக்கின்றன.

பருவத்தின் நடுவில், பிரிஞ்சாங் ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையிலிருந்த மாணவி வேலை கிடைத்து சிங்கப்பூர் போனாள். வகுப்பில் நாங்கள் எட்டுப் பேரானோம். எட்டுக்குக் குறைந்தால் மலை வகுப்பு மூடப்பட்டு, மாணவர்கள் ஈப்போ வகுப்புக்கு மாற்றப்படுவார்கள் என்பது கையேட்டில் இருந்தது. நான் படித்துத்தான் இருந்தேன். கையேட்டை முழுவதும் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அந்த விதியையும் என் விலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. வேறு வேறு அத்தியாயங்கள்.

அந்தச் சனிக்கிழமை பாலர் பள்ளிப் பெண் லோரி டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, சனிக்கிழம காலையில ஈப்போவுக்கு லோரி போகுமா?"

"போகும். முட்டக்கோஸ் மூட்ட மேல உக்காந்து வர்றியா?"

"வெளையாடாதீங்கண்ணே. முன்னால எடம் இருக்குமா?"

"ஈப்போவுல என்ன வேலை?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"இல்ல கிராணிமா, உங்களுக்கு விலக்கு வந்துட்டா நாங்க ஏழு பேருதான். அப்ப கீழ போய்த்தான் படிக்கணும்னு மிஸ் சொன்னாங்க. அதான் கேட்டு வெச்சுக்கலாம்னு."

"போக முடியுமா உன்னால?"

"எங்க முடியும்? மாமியாருக்குச் சனிக்கிழமையும் கொழுந்து பறிக்கிற வேல இருக்கு. இங்கன்னா அவங்க வந்து சேர்ற நேரத்துக்குக் கெளம்பிடலாம். ஈப்போன்னா விடிய முன்னாடி கெளம்பணும். சின்னவன யாரு பாத்துக்குவாங்க? முடியாதுலா." பென்சிலைக் கீழே வைத்தாள். "சும்மாதான் கேட்டேன்."

அவள் குரலில் என் மேல் துளி வருத்தமில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். என்னிடம் இருங்கள் என்று கேட்கலாம் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. உரிமையுள்ளவர் உரிமையை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் லோரியில் இடம் கேட்பார்கள். மலையில் அதுதான் நடைமுறை.

எத்தனை நினைவூட்டல் போயிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை காலையிலேயே ஆபீஸுக்குப் போனேன்.

"வாங்கக்கா. கவலப்படாதீங்க, ஒண்ணுகூட நிக்கல" என்றார் கிராணி. "திங்கக்கெழம திங்கக்கெழம பையில போட்டுடுறேன். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். மூணாவதிலேர்ந்து காலேஜ் தலைவருக்கும் காப்பி."

"தலைவருக்கா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானேக்கா. நல்ல வேல செஞ்சிருக்கு. வெள்ளிக்கெழம அங்கேருந்து போன் வந்துச்சு. வர்ற வியாழக்கெழம கூட்டத்துல வெச்சு விலக்கு குடுத்திடுறாங்களாம்."

பத்து வருடம் உருட்டி மிரட்டி நான் பழக்கியது, சரியாக எனக்கெதிராக வேலை செய்து முடித்திருந்தது.

"இனிமே அனுப்பாதீங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பதில் வராம நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்களேக்கா."

"நான்தான் சொன்னேன். நானே இப்ப நிறுத்தச் சொல்றேன்."

"எழுத்துல குடுத்துடுங்கக்கா. ஃபைல்ல வெச்சிடறேன்."

கோபப்பட எனக்குத் தகுதியில்லை. வாய்மொழி உத்தரவை ஏற்காதே என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதற்குக் கையேட்டில் வழியே இல்லை. தனியாகக் கடிதம் எழுதினால் அதுவும் கோப்பில் இன்னொரு தாளாகச் சேரும். தடித்த கோப்பைத்தான் கூட்டத்தில் முதலில் எடுப்பார்கள், சீக்கிரம் ஒழித்துக்கட்ட. ஆனால் தேர்வு அத்தியாயத்தின் கடைசியில் ஒரு விதி இருந்தது. ஒரு பாடத்தின் தேர்வுக்குப் பெயர் பதிந்துகொண்டவர், அதே பாடத்துக்கு விலக்குக் கோரும் உரிமையை இழப்பார். தேர்வுப் பதிவு அந்த வாரம்தான் இணையத்தில் திறந்திருந்தது.

"உங்க கம்ப்யூட்டரக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

கிராணி எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். என் பழைய நாற்காலி. என் எண்ணைப் பதிந்தேன், பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கடைசித் திரையில் எச்சரிக்கை வந்தது. அவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து அதை உரக்கப் படித்தார்.

"அக்கா, இத அமுக்கினா விலக்கு போயிடும்னு போட்டிருக்கு."

"எனக்கும் படிக்கத் தெரியும்."

"பெயிலாயிட்டா?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். தேர்வில் தோற்றால் அந்தத் தோல்வி பதிவில் நிற்கும், பழைய சான்றிதழைக் காட்டி அழிக்க முடியாது. இளம் வயதில் தேறிய பாடத்தில் அறுபது வயதுக்கு மேல் தோற்றவள் என்று ஆகும். கடைசியாக நடந்த வகுப்புத் தேர்வில் எனக்கு ஐம்பது வந்திருந்தது. அதுவும் வழிமுறைக்கு மிஸ் இரக்கப்பட்டுக் கொடுத்தது.

"ஆனா ஆகட்டும்" என்று அமுக்கினேன்.

வகுப்பில் இதை அறிவிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆசிரியைதான் அடுத்த சனிக்கிழமை பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க பரீட்சைக்குப் பதிஞ்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன்.

பின்வரிசை லோரி டிரைவர், "அப்ப இனிமே கிராணிமா நெஜமாவே உக்காந்துட்டாங்க" என்றார்.

பாலர் பள்ளிப் பெண் அன்று மாலை கீழே கடையில், எனக்கு முன்பே இறங்கி, எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொல்லியிருந்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, "கிராணிமா, இந்த நாலாவது கணக்க இன்னிக்கி விடக் கூடாது" என்றாள். விடவில்லை. அது எங்களை விட்டது, கடை மூடும் நேரத்தில்.

அந்தக் கடைசி வாரங்களைப் போல நான் எதற்கும் உழைத்ததில்லை. கொழுந்து மேட்டுப் பாதையில் நடக்கும்போது சூத்திரங்களை முணுமுணுப்பேன். தம்பி வீட்டில் பேத்தி இல்லாத குறையைத் தீர்க்க மந்திரம் ஜெபிக்கிறாள் என்று தொழிலாளர் லயத்தில் பேச்சு கிளம்பியதாகத் தம்பி மனைவி சொன்னாள். பரீட்சையன்று அடைமழை. எட்டுப் பேரும் வந்திருந்தோம். லோரி டிரைவர் மட்டும் சேற்றுக் காலோடு ஓடி வந்து, லோரியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வந்ததாகவும், போலீஸ் வருவதற்குள் கேள்வித்தாளைக் கொடுத்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார்.

தேறிவிட்டேன். எவ்வளவில் என்று கேட்க வேண்டாம். லோரி டிரைவர் என்னைவிடப் பதினைந்து மதிப்பெண் அதிகம். "என் பேப்பரப் பாத்து எழுதியிருக்கலாமே கிராணிமா" என்று அவர் இன்றுவரை தானா ராத்தா பஸ் நிலையத்தில் நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாலர் பள்ளிப் பெண் நல்ல மதிப்பெண்ணில் தேறினாள். டிப்ளமோவில் சேர்ந்துவிட்டாள். அது முழுக்க இணைய வகுப்பு. சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறாள்.

மாடி அறை இப்போது யாரோ காய்கறி விதை வைக்கும் இடமாகிவிட்டது. என் அடுத்த பாடங்களும் இணையத்தில்தான். பனிமூட்டம் திரைக்குள் வருவதில்லை. யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்காவது ரொட்டி தட்டும் சத்தம் கேட்டால், கை தானாகப் பென்சிலைத் தேடுகிறது.

கிராணிக்கு நான் எழுத்தில் உத்தரவு கொடுக்கவில்லை. உரிமை போன பிறகு நினைவூட்டல்களால் யாருக்கும் கெடுதலில்லை என்று விட்டுவிட்டேன். அவர் விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில், பரீட்சை முடிவும் வந்த பிறகு, ஒருநாள் முகமெல்லாம் சிரிப்போடு, வந்த தேதி முத்திரை குத்திய கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். என் விண்ணப்பம் கிடைத்ததாகவும், அது பரிசீலனையில் இருப்பதாகவும், அதுவரை வகுப்புக்குத் தவறாமல் வர வேண்டும் என்றும் கல்லூரி எழுதியிருந்தது. முத்திரையில் இருந்த நாள், தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், பிப்ரவரி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை.