ஒடிகத்தி பட்டறை

நான் மூணாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் இந்தத் தருமபுரி ஜில்லாவில் என் அளவுக்கு இரும்பு தெரிந்தவன் இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம். வாடகைக் கொட்டகையில் ஒத்தை உலையோடு ஆரம்பித்தவன், இன்றைக்குக் கடத்தூரில் லேத்து, வெல்டிங் எல்லாம் போட்டிருக்கிறேன்.

போன மாசம் என் மகள் எழிலரசி, அவள் வேலை செய்கிற ஓசூர் கம்பெனிக்கு வந்த ஹங்கேரி இன்ஜினியரைக் கூட்டிவந்தாள். பேர் கோவாச் இஷ்ட்வான்.

"அப்பா, கோவாச்னா கொல்லருன்னு அர்த்தமாம்!"

நம்ம இனிஷியல் மாதிரி அங்கேயும் குடும்பப் பேர்தான் முன்னால் வருமாம். அந்தக் காலத்தில் ராஜாவுக்கு இரும்படித்த ஊர்களுக்கே கோவாச்சி என்று பேராம். அந்தச் சொல்லே அக்கம்பக்கத்துப் பாஷையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாம். இப்போது எங்கே பார்த்தாலும் கோவாச். சம்மட்டி பிடித்தவர்தான் இல்லை. இவர் தாத்தாவே தையல்காரராம்.

பிறகு என் பட்டறை போர்டைக் காட்டி, 'ஒடிகத்தி' என்கிற பேர் எப்படி வந்தது என்று கேட்டார். சொன்னேன்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் எங்கள் ஊர் விவசாயி நவநீதனுக்கும் அவன் தம்பி அன்புக்கும் கிணற்றுத் தகராறு. ஒரு மத்தியானம் நவநீதன் ரெண்டு தடியன்களோடு வந்து, லாரி ஸ்பிரிங் பட்டை ஒன்றை என் காலடியில் வீசினான்.

"வீச்சரிவா ஒண்ணு அடிச்சுக் குடு கொல்லரே. என் தம்பிக்குத்தான்."

"கதிரறுக்கக் கருக்கருவா கேளு, தரேன். மனுசனை வெட்டற சாமானைத் தொடமாட்டேன்."

"கொல்லன்னு பேரு. கொல்றதுக்கு அடிக்க மாட்டானாம்!"

தடியன் ஒருத்தன் இரும்புக் கம்பியால் என் வாயில் போட்டான். ரெண்டு பல் தெறித்தது. நான் குறடாலேயே திருப்பி அடித்து அவன் மூக்கைச் சப்பையாக்கினேன். அதற்குள் நவநீதன், சோறு கொண்டுவந்த என் வீட்டுக்காரி ராமக்காளின் கையைப் பட்டறைக்கல்லில் வைத்து அழுத்தி, சம்மட்டியை ஓங்கிவிட்டான்.

"இரும்பை நீ அடிக்கிறியா, இதை நான் அடிக்கட்டா?"

ராமக்காள் கத்தவில்லை. என் கண்ணையே பார்த்தாள். "அடிச்சுக் குடுங்க. உங்க கைவேலை எப்படின்னு அவனுக்குத் தெரியட்டும்" என்றாள். வருஷக்கணக்காக எனக்குத் துருத்தி போட்டவள். எனக்கு விளங்கிவிட்டது.

பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டிப் பதம் இறக்கினால்தான் ஒடியாது. நான் முக்கினேன். வாட்டவில்லை. சாணையில் தீட்டி நீட்டினேன். நவநீதன் முன்கை மயிரைச் சிரைத்துப் பார்த்து, "இதுக்காடா பல்லைக் குடுத்த?" என்றான். போலீசுக்குப் போகாமலிருக்க என் இடது கையில் சம்மட்டியை இறக்கிவிட்டுப் போனான். ரெண்டு விரல் இன்னும் மடங்காது.

ராமக்காள் அன்பை எச்சரிக்க அவன் தோட்டத்துக்கு ஓடினாள். அவள் வரப்பேறும்போது அரிவாள் இறங்கியது. அன்பின் தோள்பட்டை பிளந்து ரத்தம் பீய்ச்சியது. எலும்பில் பட்டதும் கத்தி ரெண்டாகிவிட்டது. நவநீதன் கையில் வெறும் பிடி. அன்பு அந்தக் கோலத்திலேயே மண்வெட்டிக் காம்பால் அண்ணன் முட்டியை நொறுக்கினான். அப்புறம் ஊரே வந்து நவநீதனையும் தடியன்களையும் கட்டிப்போட்டது.

சந்தையில் என்ன பேர் தெரியுமா எனக்கு? "யோவ் ஒடிகத்தி, உன் அரிவா ஒரே வெட்டுக்குத் தாங்கலையாமே!" வேண்டுமென்றேதான் செய்தேன் என்றால், "எல்லாக் கொல்லனும் இதைத்தான் சொல்லுவான்" என்று சிரிப்பு. பாப்பாரப்பட்டி வரைக்கும் என் அரிவாளை வாங்க ஆளில்லை. அப்போதுதான் அன்பு ஒரு போர்டை எழுதிவந்து, ஒத்தைக் கையாலேயே பட்டறை முகப்பில் ஆணி அடித்தான்: ஒடிகத்தி பட்டறை. 'பேர் கெட்டால் கெடட்டும், நம்முடையதுதானே' என்று நானும் விட்டுவிட்டேன்.

கோவாச் எழிலரசி பக்கம் திரும்பி ஏதோ சொன்னார்.

"தன் பேருக்குக் காரணமான கொல்லர் யாரு, என்ன அடிச்சாருன்னு அவங்க வூட்ல யாருக்குமே தெரியாதாம்பா" என்றாள் எழிலரசி.

கலப்பைக் கொழு வாங்க வந்திருந்த அன்பு சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினான். "சார்கிட்ட சொல்லும்மா. இவரு நல்ல கொல்லரா இருந்திருந்தா நான் செத்திருப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"டேய், நல்ல கொல்லனாலதாண்டா அப்படி ஒடிய வெக்க முடியும்."