பார்மா, கொப்பா

கிரவீனில் எங்கள் பக்கத்து வீட்டில் வயதான ஆங்கிலேயத் தம்பதி ஒன்று இருந்தது. இளமையில் தங்கள் நாட்டை விட்டு இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர்கள். வெள்ளைக்காரர் என்றாலும் எங்கள் வீட்டில் அவர்கள் அங்கிளும் அன்ரியும்தான். அங்கிளுக்குக் கண் மங்கி, கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகு, சனிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் கோயிலிலிருந்து திரும்பும்போது அவர்களுக்கும் சேர்த்து பணிஸ் வாங்கி வருவேன். உள்ளங்கை அளவில் வட்டமாய், மேலே கொஞ்சம் மாத் தூவியது. பேக்கரியில் அதற்கு டின்னர் றோல் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தப் பெயரை இருவருமே ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. பையைக் கையில் வாங்கியதும் அங்கிள், "பார்ம் வந்திட்டுது" என்பார். "கொப்" என்று குசினிக்குள்ளிருந்து அன்ரியின் குரல் வரும். அங்கிள் லங்காஷயர்க்காரர், அங்கே அது பார்ம். அன்ரி நொட்டிங்ஹாம், அங்கே அது கொப். இரண்டுக்கும் இடையில் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா போகிற தூரம்கூட இருக்காது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இதே சண்டையாம்.

"நீயே சொல்லு, இது என்ன?" என்று இருவரும் என்னைப் பிடிப்பார்கள். எங்கள் ஊரில் பணிஸ் என்று சொல்லிக் கழன்றுவிடுவேன். உண்மையில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெயிலில் வாசலில் நிற்கிறவளிடம் தீர்ப்புக் கேட்க வேறு விஷயமா இல்லை?

ஒரு குளிர்காலக் காலையில் அங்கிள் நித்திரையிலேயே போய்விட்டார். அதன் பிறகு அன்ரி எதற்கும் சரி என்றார். சூப் கொண்டுவரட்டுமா, சரி. ஜன்னலைத் திறக்கட்டுமா, சரி. சூப் கோப்பை அடுத்த நாளும் வைத்த இடத்திலேயே ஆடை படர்ந்து கிடந்தது. எனக்குப் பயம் பிடித்தது. எதற்கும் லேசில் சரி சொல்கிற ஆள் இல்லை அவர்.

எட்டாம் நாள் உருளைக்கிழங்கை நீளநீளமாக வெட்டிப் பொரித்தேன். பணிசைப் பிளந்து, பட்டர் பூசி, பொரியலை உள்ளே வைத்து அமுக்கினேன். அங்கிள் அதை அப்படித்தான் சாப்பிடுவார். எங்கள் ஆட்களின் எட்டுச் செலவில், போனவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படைப்பது வழக்கம்.

"வெள்ளைக்காரர் வீட்டில எட்டுச் செலவோ?" என்றார் என் கணவர். "அந்தாளை இன்னும் எடுக்கவுமில்லை. வாற கிழமைதானே செத்தவீடு."

அதை நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் எட்டு நாளில் எல்லாம் முடித்துவிடுவோம், இவர்களோ உடலைக் குளிரில் வைத்துவிட்டு நாள் பார்க்கிறார்கள். ஆனால் பொரித்தாகிவிட்டது.

"அதுக்கென்ன, குடுத்திட்டு வாறன்" என்று கிளம்பினேன்.

தட்டை அங்கிளின் கதிரைக்கு முன்னால், மேசையில் வைத்தேன். எங்கள் வழக்கத்தை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அன்ரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவையில்லாத வேலை பார்த்துவிட்டேனோ என்று தோன்றியது.

பிறகு அவர் வெறும் கதிரையைப் பார்த்து, "கொப்" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. சொல்லிவிட்டுக் காத்திருந்தார். குளிர்சாதனப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அன்ரி இன்னும் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"பார்ம்" என்றேன்.

அன்ரி வெடுக்கென்று என் பக்கம் திரும்பினார்.

"கொப்" என்றார், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.