சின்னவளின் வாசனை

அத்தர் கடையில் அவளுக்குப் பெயர் மணிக்கட்டு. முதலாளி வைத்த பெயர். "மணிக்கட்டு, இங்க வா, அம்மாவுக்குக் கையைக் காட்டு" என்பார். அவள் முக்காலியிலிருந்து எழுந்து வந்து இடது கையை மல்லாத்தி நீட்டுவாள். வந்தவர்கள் குனிந்து முகர்வார்கள். சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். கை யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு.

அந்தக் கடையின் வழக்கம் அது. புட்டியைத் திறந்து மூக்கருகே பிடித்தால் வருவது பாதிப் பொய் என்பது முதலாளியின் கட்சி. உடம்புச் சூட்டில் ஊறிக் கிடந்தால்தான் ஓர் எண்ணெயின் யோக்கியதை தெரியும் என்பார். அதனால் காலையில் கடை திறந்ததும், அன்றைக்கு விற்கவேண்டிய எண்ணெயைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு இரண்டு மணிக்கட்டிலும் முழங்கை மடிப்பிலும் அவள் தடவிக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். இரண்டைப் பூசினால் இரண்டும் கெடும். மறுநாள் வேறு. சிலர் தோலில் ரோஜா புளிக்கும், சந்தனம் கசக்கும். அவள் தோலில் எதுவும் திரியாமல், புட்டியில் இருந்த மாதிரியே விரிந்தது. வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான்.

"உன் தோலுக்குன்னு ஒரு குணமும் கிடையாது. அதான் நமக்கு வேணும்" என்று முதல் நாளே சொன்னார். பாராட்டு என்று நினைத்து அவள் சிரித்தாள்.

மாலையில் கடை சாத்துமுன், எண்ணெய் எப்படி இருந்தது என்று அவள் சொல்ல வேண்டும். பூசிக்கொண்ட சற்று நேரத்திலேயே மூக்கு பழகிவிடும். தெருவுக்கே அடிக்கிற வாசனை பூசியவளுக்கு மட்டும் இல்லாமல் போகும். வாசலுக்குப் போய்த் தெருக்காற்றை நன்றாக இழுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு நொடி பிடிபடும். மீதியை முகர்ந்தவர்கள் முகத்தில் பார்த்துக்கொள்வாள்.

"மல்லிகை விருந்தாளி மாதிரி. வந்ததும் ஒரே சத்தம். மதியத்துக்கு மேல எப்ப கிளம்புவாங்கன்னு இருக்கு."

"அகர்?"

"பழைய பீரோவுக்குள்ள பூட்டி வெச்ச மாதிரி. கஸ்தூரிதான் தொல்லை. அடுத்தவங்க சட்டையை மாட்டிக்கிட்டுத் தெருவுல நிக்கிற மாதிரி நாள் முழுக்கக் கூச்சம்."

"நீ எனக்கு விக்க வந்தியா, வைய வந்தியா?" என்பார் முதலாளி. ஆனாலும் கேட்டுக்கொள்வார். அவள் வைத வார்த்தையைத் திருப்பிப் போட்டு மறுநாள் வாடிக்கைக்காரரிடம் புகழ்ச்சியாக விற்பார்.

கடையிலிருந்து வீடு நடக்கிற தூரம்தான். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அம்மா கட்டிலில் கிடந்தாள். சர்க்கரை நோய் முதலில் கண்ணைக் கொண்டுபோனது. பிறகு காது மந்தமானது. பக்கத்தில் உட்கார்ந்து கத்த வேண்டும், கத்துகிற போது எல்லாப் பெண்கள் குரலும் ஒன்றுதான். கடைசியாக நினைவு அங்கங்கே இழை பிரிய ஆரம்பித்தது. மூக்கு மட்டும் குறையவில்லை. மற்றவை விட்டுப்போன வேலையையும் அதுவே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தது. படியில் யார் ஏறுகிறார்கள் என்று கதவு திறக்குமுன்பே அம்மா சொல்லிவிடுவாள்.

அத்தர் சோப்புக்கு அடங்குகிற சாமான் இல்லை. அன்றைய எண்ணெய் அவளோடு படி ஏறி வீட்டுக்குள் வந்தது.

சந்தனம் பூசிய நாளில், அவள் உள்ளே நுழைந்ததும் அம்மா அவசரமாகப் புடவையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "அத்தை, வாங்க. உக்காருங்க. அன்னைக்குப் பால் தீஞ்சது என் தப்பு இல்ல அத்தை, உங்க மகன்தான் கூப்பிட்டாரு." அந்த மாமியார் செத்து எத்தனையோ வருடம். உயிரோடு இருந்தவரை மருமகளை ஒரு முறையும் மன்னித்ததில்லை என்று கேள்வி. அவள் அம்மாவின் காதருகே குனிந்து, "பரவாயில்லம்மா, பால்தானே" என்றாள். அன்று அம்மா நிம்மதியாகத் தூங்கினாள். அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஊதுபத்தி போல மணக்கிற அகர் பூசி வந்தபோது, "யார் வீட்டுல சாவு?" என்று கேட்டு அம்மா அழுதாள். அதற்கும் சிரித்தாள். வெட்டிவேர் பூசிய அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது.

கீழ்வீட்டுத் தையற்காரி துணி அலமாரியில் வெட்டிவேர் போட்டு வைப்பவள். அந்த வாசனைக்கு அம்மா, "வா தையக்காரி" என்று கட்டிலில் இடம் ஒதுக்கினாள். அவள் சீப்பை எடுத்து அம்மாவின் தலையை வார ஆரம்பித்தாள்.

"என் சின்னவளைக் கீழ எங்கயாவது பாத்தியா?"

அவள் கை நின்றது. வீட்டில் அவள்தான் சின்னவள். அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. சின்னவளே என்றுதான் கூப்பிடுவாள்.

"பாக்கலையே" என்று கத்தினாள்.

"இங்கயும் வரல. பெத்தவ கிடக்கிறாளா போயிட்டாளான்னு எட்டிப் பாக்க வேணாமா? பெரியவ கடல் தாண்டி இருக்கா, அவளுக்கு மாமியார் வீடு, புள்ளைங்க. இவளுக்கு என்ன கேடு? தினம் எவளோ ஒருத்தி வர்றா, சோறு ஊட்டுறா, போறா. ஒருத்தி மாதிரி ஒருத்தி இல்ல. நேத்து வந்தவ பரவாயில்ல. இன்னைக்கு நீ வந்த. நாளைக்கு எவளோ."

"வருவாம்மா."

"எங்க வருவா. அவ நெஞ்சு கல்லு."

அவள் தலையை வாரி முடித்துப் பின்னல் போட்டாள். ஒரு பொருள் எப்போதும் கையிலேயே இருந்தால், அது இருக்கிறது என்ற நினைப்பே போய்விடுகிறது. தேடும்போது கையைத் தவிர எல்லா இடத்திலும் தேடுகிறோம். இதை யோசித்துப் பார்த்து ஆறுதல் அடையலாம். ஆறுதல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அம்மா போய்ச் சேருமுன் ஒரே ஒரு தரம், தன் கையைப் பிடித்துச் சின்னவளே என்று சொல்ல வேண்டும். வேண்டியது அவ்வளவுதான்.

தன் வாசனை எது என்று தெரிந்தால் அதைக் கடையில் தேடி எடுத்துவிடலாம் என்று நம்பினாள். அத்தர் கடையில் வேலை பார்ப்பவளுக்கு வருகிற நம்பிக்கை அது. அக்காவுக்கு ஃபோன் போட்டாள்.

"அக்கா, சின்ன வயசுல என்கிட்ட என்ன வாசனை அடிக்கும்?"

"என்னடி கேள்வி இது? அம்மா நல்லா இருக்காளா?"

"இருக்கா. நீ சொல்லு."

அக்கா யோசித்தாள். "எனக்கு ரோஜா அத்தர், காலேஜ் போன நாள்லேருந்து. அப்பான்னா பீடி. அம்மாகிட்ட துணி சோப்பு. நீ... நீ எப்பவும் கூடவே இருந்தியேடி. கூட இருக்கறவளுக்கு என்ன வாசனை?"

அக்கா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

அந்தச் சமயம் கடைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று முதலாளி சில நாள் அடைத்தார். எண்ணெயை வழிக்கக் கடையில் ஸ்பிரிட் உண்டு. ஒரு சிறு புட்டியில் அதை வாங்கி வந்து, மணிக்கட்டு வெளுத்து எரிகிற வரை பஞ்சால் துடைத்தாள். குளித்தாள். சோப்பையும் தொடவில்லை. எந்த வாசனையும் இல்லாவிட்டால் மிச்சம் இருப்பது நான்தானே என்பது அவள் கணக்கு.

தட்டில் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். அம்மா கதவுப் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

"இன்னைக்கு யாரும் வரலயா?"

அவள் ஒரு கவளம் எடுத்து உதட்டருகே கொண்டுபோனாள். அம்மா விசுக்கென்று தலையைப் பின்னால் இழுத்துச் சுவரில் இடித்துக்கொண்டாள். "யாரு? யாரது? கை மட்டும் வருது. ஆள் இல்ல. ஐயோ, ஆளே இல்லாம ஒரு கை வருது." அவள் "நான்தான்மா, சின்னவ" என்று கத்தக் கத்த அம்மாவின் பயம் ஏறியது. தட்டு கீழே போனது. அன்று முழுக்கவும் மறுநாளும் அம்மா வாயைத் திறக்கவில்லை. சர்க்கரை உடம்பு, பட்டினி கிடந்தால் தாங்காது.

இரண்டாம் நாள் மாலை, கடையிலிருந்து எப்போதோ கொண்டுவந்த காலிப் புட்டிகளை உருட்டிப் பார்த்தாள். ஒன்றின் அடியில் ரோஜா கொஞ்சம் ஒட்டியிருந்தது. விரலால் வழித்துப் பூசிக்கொண்டு உள்ளே போனாள்.

"பெரியவளே!" என்றாள் அம்மா. கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். "வந்துட்டியாடி தங்கமே. இந்த வீட்டுல கண்டதும் நடமாடுதுடி." தட்டில் இருந்ததெல்லாம் இறங்கியது. இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

அதிலிருந்து தினமும் இதுதான் வேலை. மாலையில் அன்றைய எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, எரிகிற தோலின் மேலேயே ரோஜாவைப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். "வீட்டுல யாரு மணிக்கட்டு, ரோஜா கேட்டு உசிரை வாங்கறது?" என்று முதலாளி கிண்டல் செய்வார். "மாப்பிள்ளை பாத்தாச்சா?" ஆமாம் என்பாள். அவள் செய்தது பொய்யா என்று கேட்டால் சொல்வது கடினம். பூசியது பொய், வயிற்றில் இறங்கிய சோறு மெய்.

விடுமுறைக்கு அக்கா வந்தாள். சக்கரப் பெட்டியைப் படியில் இழுத்து ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலுக்கு ஓடினாள். அவளிடம் அந்த நாட்டு ஸ்ப்ரே வாசனை அடித்தது. சின்னவள் அப்போது அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான்தான்மா, பெரியவ!"

அம்மா மூக்கைச் சுருக்கினாள். "யாரு, மருந்து விக்கிறவளா? பெரியவளே, ஒண்ணும் வேணாம்னு சொல்லி அனுப்புடி." சொல்லிவிட்டுச் சின்னவளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா நின்றாள். பிறகு குனிந்து தங்கையின் மணிக்கட்டை முகர்ந்தாள். வாடிக்கைக்காரர்கள் முகர்வது போலவே முகர்ந்தாள்.

சமையலறையில் வைத்துக் கேட்டாள். "என் வாசனையைப் பூசிக்கிட்டு என் இடத்துல உக்காந்திருக்கே."

"அப்படி உக்காந்தாதான் சாப்பிடுறா."

"ஃபோன்ல ஒரு வார்த்தை சொன்னியா? அம்மாவுக்கு என்னை ஞாபகம் இருக்கான்னு அங்க உக்காந்து நான் அழுதுட்டிருக்கேன்."

"உன்னை மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அதைத் தொட்டுத்தான் ஒவ்வொரு வாயும் ஊட்டுறேன். என்ன அழுகை உனக்கு?"

மறுநாள் அக்கா குளித்துவிட்டு வந்து கையை நீட்டினாள். "குடு. நான் பூசிக்கிறேன்." சின்னவள் புட்டியைக் கொடுத்துவிட்டு, அம்மாவின் அறைக்குப் போகாமல் அடுப்படியிலேயே நின்றாள். எந்தத் தோலில் எது புளிக்கும் என்று பார்த்துப் பழகிய அவளுக்குத் தெரியும் என்ன ஆகும் என்று. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அக்காவின் தோலில் இப்போது ரோஜா புளித்தது. வயது, மாத்திரை, வேறு தண்ணீர், எதனால் என்று யார் கண்டது. அம்மா ஒரு தரம் முகர்ந்து கையைத் தள்ளினாள். "நேத்து வந்த மருந்துக்காரிதானே நீ? என் பொண்ணோட அத்தரைத் திருடிப் பூசிக்கிட்டு வந்திருக்கியா?"

அக்கா அழுகையோடு வந்து தங்கையை இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அக்கா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, அவள் கையை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். காதருகே குனிந்து, தொண்டை கிழியக் கத்தினாள்.

"அம்மா, இது சின்னவ. உன் சின்னவ. தினம் இவதான் வந்தா. எல்லா வாசனையும் இவதான்."

ஜன்மத்தில் முதல் தடவையாக அக்கா அவளுக்காகப் பேசினாள். அம்மா மணிக்கட்டைத் தூக்கி நிதானமாக முகர்ந்தாள். நேற்றைய ரோஜா அதில் இன்னும் இருந்தது. அம்மா பொக்கை வாயால் சிரித்தாள்.

"பெரியவளே, இந்த மருந்துக்காரியைப் பாரேன். என் பொண்ணு யாருன்னு எனக்கே சொல்லிக் குடுக்கிறா."

அக்கா விடுமுறை முடியுமுன்பே கிளம்பினாள். வாசலில் இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் இருவருமே அழுதிருப்பார்கள், அதைவிடச் சண்டையோடு போவது சுலபம். சின்னவள் பெட்டியைக் கீழே வரை தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

மேலே வந்து ரோஜா பூசிக்கொண்டு, சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். அம்மா சாப்பிட்டாள். வாயைத் துடைத்துவிட்டதும் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

"போய்ட்டாளா அவ?"

"போய்ட்டா."

"நல்லதாப் போச்சு. பெரியவளே, ஒண்ணு சொல்றேன் கேளு. உன் தங்கச்சி என்னைக்காவது வருவா. நான் சாகிற நேரம் பாத்து வருவா, ஊர் பாக்க அழுவா. அவளை உள்ள விடாதே. இத்தனை நாள் எங்க இருந்தாளோ அங்கயே இருக்கட்டும்."

அவள் அம்மாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் கையின் வாசனை தனக்குத் தெரிகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"கதவு திறந்திருக்கு பாரு. காத்து வருது."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.